எங்க வீட்டுக்கு ஒரு சின்ன போட்டு



பைக் எது வாங்கலாம் என்று பேசாத ஆள் நம் பள்ளியில் கிடையாது. நான் எழுதப் போவது போட்டு வாங்குவதைப் பற்றி. பாகூர் வயல்காட்டு நண்பர்களுக்கு இது புதுசு. நரம்பையிலிருந்து வரும் எங்களுக்குத் தினமும் இதே பேச்சுதான்.

அப்பா விசைப்படகில் ஆளாகப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வீட்டில்தான் இருப்பார். நோணாங்குப்பம் படகுக் குழாமில் வெளியூர்க்காரர்கள் டிக்கெட் எடுத்து சுண்ணாம்பாற்றில் குடும்பத்தோடு போவதைப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ளைங்க மட்டும் கரையில நின்னு வேடிக்கை பாக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டார். தூண்டில் போடவும் ஆகணும், காணும் பொங்கலுக்கு எல்லாரையும் ஏற்றிப் போகவும் ஆகணும். அதுதான் அவர் கணக்கு.

ஆனால் அம்மா ஏற வேண்டுமே! 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது அம்மா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. அதனால் எங்கள் வீட்டில் விலைக்கும் முன்னால் வரும் கேள்வி, "அம்மா ஒக்காருவாளா?" என்பதுதான்.

சித்தப்பா 28 அடி ஃபைபர் ஒன்றைக் காட்டினார். அது தொழிலுக்கு. கரையில் இழுத்துப் போடவே பத்து ஆள் வேண்டும். நாங்கள் 16 அடிக்கு இறங்கினோம். அப்புறம் அடிப்பாகம். தட்டையாக இருந்தால் ஆற்றில் ஆடாமல் நிற்கும், ஆனால் அலையில் டப் டப்பென்று அடிக்கும். 'வி' மாதிரி கூராக இருந்தால் அலையைக் கிழித்துக்கொண்டு போகும், நிற்கும்போது பக்கவாட்டில் ஆடும். அப்பாவுக்குக் கூர்தான் பிடித்தது. நானும் பாட்டியும் தட்டை என்றோம். ஆடினால் அம்மா இறங்கிவிடுவாள், அவ்வளவுதான்!

இன்ஜின் கதை பெரிசு. படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற மோட்டாரை அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏரியில் தன் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டே களைத்துப்போய் இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ஆக இது பிறந்ததே குடும்பப் பொழுதுபோக்குக்குத்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.

டூ ஸ்ட்ரோக் கனம் குறைவு, நம்மூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்கணும், புகை வரும், சத்தம் காதைக் கிழிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி, சத்தமும் குறைவு, பெட்ரோலும் மிச்சம். விலையும் கனமும்தான் கூடுதல். புகை நாற்றத்தில் தலை சுற்றினால் ஆற்றுக் காற்று எதற்கு? என் ஓட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கே. 8 குதிரைத்திறன் எங்களுக்குப் போதும்.

இன்னொன்றும் கவனித்தோம். மோட்டாரின் தண்டு படகின் பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். குட்டையாக இருந்தால் விசிறி காற்றை இழுத்துச் சும்மா சுற்றும். அதைவிட முக்கியம், சிவப்பு நிறத்தில் சுருள்கயிறு ஒன்று வரும். ஓட்டுபவர் கையில் மாட்டிக்கொண்டால், அவர் தண்ணியில் விழுந்த உடனே இன்ஜின் நின்றுவிடும். "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு" என்றார் சித்தப்பா. அம்மா அந்தக் கயிற்றைக் கையில் வாங்கி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஃபைபர் போட்டுக்கு முன்பணம் கொடுத்தாச்சு. இன்ஜினுக்குச் சீட்டுப் பணம் வரணும். நேற்று ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்டாள்: "லைஃப் ஜாக்கெட்டு அஞ்சா, ஆறா?"

அப்பா சட்டென்று, "ஆறு" என்றார். பாட்டியையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்