பெருங்காயத்திலும் கோதுமை

ஜனவரி 6

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தஞ்சாவூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் திருச்சி ஆஸ்பத்திரிக்கு. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்த மருந்து பாட்டில்களை வெளியே எடுத்து, அவற்றின் குளிர் அடங்கும்வரை சிஸ்டர் காத்திருந்தார். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். முதல் அரைமணி மிக மெதுவாகச் சொட்டவிட்டு, நாடியும் பிரஷரும் பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவார்கள்.

எனக்குள்ள நோய்களில் மூத்தது சிவிஐடி. கிருமிகளை அடையாளம் கண்டு பிடித்து வைக்கும் எதிர்ப்புப் புரதங்களை, அதாவது இம்யூனோகுளோபுலின்களை, என் உடம்பால் போதிய அளவு உண்டாக்க முடியாது. ஆகவே பிறர் உடம்பு உண்டாக்கியதை வாங்கிக்கொள்கிறேன். ஒரு தொகுதி மருந்துக்குக் குறைந்தது ஆயிரம் பேருடைய பிளாஸ்மாவாவது சேர வேண்டும் என்பது உலக அளவிலான விதி. பெரும்பாலும் பல ஆயிரம் பேருடையது சேர்கிறது. யாரோ ஒருவருக்குச் சின்ன வயதில் வந்து போன அம்மை, இன்னொருவர் போட்டுக்கொண்ட தடுப்பூசி, வேறொருவர் தேறி எழுந்த நிமோனியா, இவை எல்லாவற்றின் நினைவும் அந்தக் கண்ணாடி பாட்டிலில் இருக்கிறது. அவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. இன்று காலை அவர்களை நினைத்துக் கும்பிட்டேன்.

இந்தப் புரதம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். என் நாட்காட்டியை வகுத்தது அந்தக் கணக்குதான். இரண்டாம் வாரம்வரை தெம்பு. மூன்றாம் வாரத்தில் மூக்கடைப்பு, முகம் கனப்பது, சாயங்காலச் சோர்வு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எது வந்தாலும் அது எந்த வாரத்தில் விழுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஜனவரி 7

மருந்து ஏற்றிய மறுநாள் தலைவலி. நிறையத் தண்ணீர், ஒரு பாராசிட்டமால். பள்ளிக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேருக்குச் சளி. ஜன்னலோரம் நின்று பாடம் நடத்தினேன். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியும். இருமல் வந்தால் அவர்களாகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். நான் சொல்லிக் கொடுக்காத மரியாதை அது.

ஜனவரி 11

எதிர்வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்திருந்தார். டெங்கு வந்தபிறகு நம் ஊரில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடு இல்லை. எனக்கும் பிளேட்லெட் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குக் குறைவது வேறு வழியில். என் உடம்பு செய்கிற சொற்ப எதிர்ப்புப் புரதங்களிலும் சில, கிருமியை விட்டுவிட்டு என் தட்டணுக்களையே, அதாவது பிளேட்லெட்டுகளையே, பற்றுகின்றன. அப்படிப் பற்றப்பட்டவற்றை மண்ணீரல் அழித்துவிடுகிறது. கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள், இடித்துக்கொள்ளாமலே தொடையில் கன்றிய தடம், பல் தேய்த்தால் ரத்தம். சிவிஐடி உள்ளவர்களில் நாலில் ஒருவருக்காவது இப்படி ஏதேனும் தன்னெதிர்ப்பு நோய் சேர்ந்து வருகிறது. ‘எதிர்ப்பு சக்தியே இல்லை என்கிறாய், பிறகு அது எப்படி உன்னையே தாக்கும்?’ என்று தம்பி கேட்டான். வேண்டிய அளவு காவலர் இல்லாத ஊரில், இருக்கிற சிலரும் ஆள் தெரியாமல் வீட்டுக்காரனையே பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி என்றேன்.

கொரோனாவுக்குப் பிறகு எங்கே போனாலும் ‘இம்யூனிட்டியைக் கூட்டுங்கள்’ என்கிறார்கள். பொடி, லேகியம், கஷாயம், மாத்திரை. எதிர்ப்பாற்றல் என்பது ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒற்றை அளவு என்ற எண்ணம் மனிதர்களிடம் ஊறிவிட்டது. எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்கிற தெளிவு அதற்குத் தேவை. எனக்குக் கெட்டிருப்பது அந்தத் தெளிவும்தான். அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பிளேட்லெட் இப்போது ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறது அக்கா, மருந்தே போதும் என்றேன். நிம்மதியாகப் போனார்.

அந்த மருந்தும் எனக்கு ஏற்றுகிற அதே புரதம்தான், அளவு கூடுதலாக. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக் என்ற குழந்தை மருத்துவர், தட்டணு குறைந்த ஒரு சிறுவனுக்கு இம்யூனோகுளோபுலின் கொடுத்தார். நெடுநாள் மருந்தால் அவனுக்கு எதிர்ப்புப் புரதமும் குறைந்துபோயிருந்தது. அதை ஈடுசெய்யத்தான் கொடுத்தார். தட்டணுக்கள் விறுவிறுவென்று ஏறின. பிறகுதான் அது அந்த நோய்க்கே மருந்தானது. அந்தச் சிறுவனுக்கும் எனக்கும் ஏதோ உறவு இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 15

பொங்கல். நாத்தனார் வீட்டில் எல்லாரும். புது அரிசி, வெல்லம், நெய், கரும்பு, மஞ்சள் கொத்து. எனக்குச் சீலியாக் நோயும் உண்டு, கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாது. அரிசித் திருநாளில் எனக்கு என்ன ஆபத்து என்றுதான் எவருக்கும் தோன்றும்.

இலையில் சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் மெதுவடையும் வந்தன. ‘அண்ணி, உளுந்து வடைதான், கோதுமை ஒரு பொட்டுகூட இல்ல’ என்றாள். பெருங்காயம் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். போடாமல் வடை உண்டா என்றாள். டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். சின்ன எழுத்தில் இருந்தது: கருவேலம் பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் இப்படித்தான். அசல் பிசினின் காரமும் நெடியும் அப்படியே சமைக்க முடியாத அளவுக்கு இருப்பதால் மாவு கலந்து இறக்குகிறார்கள். மைதாவாகவும் இருக்கும். சாம்பாரும் ரசமும் மோர்மிளகாயும் அப்பளமும் ஊறுகாயும் இந்த வழியில்தான் எனக்கு எட்டாமல் போகின்றன.

அவள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. அத்தை, ‘துளிதானே, நாள் கிழமைக்கு ஒரு வடை தின்னா என்ன ஆயிடப்போகுது?’ என்றார். அன்பில்லாமல் சொன்னதில்லை. நம் வீடுகளில் இலையில் போட்டதை ஒதுக்கினால், போட்ட கையை ஒதுக்கியதாகிவிடுகிறது.

நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே சீலியாக் நோயாளியின் குடல் சிதைவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ இரண்டு கிராம் குளூட்டன் இருக்கிறது. அதில் நாற்பதில் ஒரு பங்குதான் இந்த 50 மில்லிகிராம். ‘குளூட்டன் இல்லை’ என்று எழுதி விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆக, துளியைத்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அத்தைக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் நாத்தனார் போன் செய்து, சாம்பார்ப் பொடிப் பொட்டலத்திலும் பெருங்காயம் என்று போட்டிருக்கிறதே அண்ணி, அதுவும் ஆகாதா என்று கேட்டாள். அவளாகவே படித்திருக்கிறாள். இந்தப் பொங்கலில் எனக்குக் கிடைத்த சீர் அது.

ஜனவரி 18

இருபது வயதிலிருந்து வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, இளைப்பு. நடுநடுவே நிமோனியா. ஒரு மருத்துவமனையில் காசநோய் என்றே மருந்து கொடுத்தார்கள். சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்து ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இங்கேதான் ஒரு நோய் இன்னொன்றை மறைத்தது. அந்தப் பரிசோதனை தேடுவது, குளூட்டனால் தூண்டப்பட்டு உடம்பு உண்டாக்கும் ஐஜிஏ வகை எதிர்ப்புப் புரதத்தை. எனக்கு ஐஜிஏ ஏறத்தாழ இல்லவே இல்லை. உண்டாக்கவே முடியாத உடம்பில் எதைத் தேடிக் கண்டுபிடிப்பது? மொத்த ஐஜிஏ எவ்வளவு என்பதையும் கூடவே பார்த்திருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். பல ஆண்டு கழித்து ஒரு டாக்டர் பார்த்தார். எல்லா வகையும் குறைவு என்று தெரிந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி. விரல் விரலாக நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகக் கிடந்தன. சிவிஐடி மட்டும் இருந்தாலும் குடல் அப்படி ஆவதுண்டு என்பதால், மரபணுப் பரிசோதனையும் செய்து, கோதுமையை நிறுத்தியும் பார்த்தார்கள். சில மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறியது, எடை கூடியது, குடலும் தேறியது. வயிற்றுக் கோளாறு என்று யாராவது இந்தப் பரிசோதனை செய்துகொள்ளப் போனால், மொத்த ஐஜிஏ-யும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

தெற்கத்தி டாக்டர்களுக்கு இந்த நோய் உடனே நினைவுக்கு வராததற்கும் காரணம் உண்டு. 2016இல் வெளியான அகில இந்திய ஆய்வொன்றில், வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு சீலியாக் இருந்தது, தெற்கே 0.10 பேருக்கு. நோய்க்கு ஏதுவான மரபணு இரண்டு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. வேறுபட்டது கோதுமை: வடக்கே ஒருவர் நாளுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். அதாவது மரபணு நம் ஊரிலும் இருக்கிறது. சோறு இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறது. இப்போது வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய், ராத்திரிக்குச் சப்பாத்தி, தெருவுக்குத் தெரு பரோட்டா. எங்கள் வீட்டிலும் அத்தைக்குச் சர்க்கரை வந்தபிறகுதான் எல்லாருக்கும் ராத்திரிச் சப்பாத்தி ஆனது. வரும் ஆண்டுகளில் இந்த நோயை இங்கே அதிகம் பார்ப்போம் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 24

மாவு மில். புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் அரிசி அரைக்க வேண்டும். வெளியூர் மில்களில் கோதுமை அரைத்த கையோடு அதே மெஷினில் அரிசியைக் கொட்டுவார்கள். கம்பு, கேழ்வரகு, தினை என்று நான் நம்பியிருக்கும் தானியமெல்லாம் அங்கே போய்த்தான் கெடுகின்றன.

எங்கள் தெரு மில்காரர் போன வருடம் அரிசிக்கென்று ஒரு மெஷினை ஒதுக்கினார். எனக்காக மட்டும் இல்லை, வியாபாரமும் இருக்கிறது. ஆனால் என்னிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் செய்தார். இன்று சொன்னார்: ‘மிளகாய் அரைச்ச மெஷின்ல அரிசியப் போட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க டீச்சர், நெடி காட்டிக் கொடுத்துடும். கோதுமைக்கு நெடி இல்ல. அதான் யாரும் கேக்கறதில்ல.’ படித்த பல பேருக்கு விளக்கி மாளாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஜனவரி 27

மீண்டும் திருச்சி. அடுத்த படுக்கையில் எட்டு ஒன்பது வயதுப் பையன். பிறவியிலேயே எதிர்ப்புப் புரதம் உண்டாக்க முடியாதவன். அவன் அம்மா, பிள்ளை தேறுமா என்று என்னைக் கேட்டார். 1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் முதன்முதலில் இந்தக் குறையைக் கண்டுபிடித்ததும் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம்தான், திரும்பத் திரும்ப வந்த நிமோனியாக் கிருமிக்கு மாதாமாதம் இந்தப் புரதத்தை ஊசியாகப் போட்டு நிறுத்தினார் என்று சொன்னேன். என்னையும் காட்டினேன்: வேலைக்குப் போகிறேன், பார்த்தீர்களா. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோதுமையும் ஆகாது என்றதும் குளூட்டன் கதையையும் கேட்டார். அது வேறு ஊர், வேறு துயரம். ஹாலந்தில் வில்லம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் போருக்கு முன்பிருந்தே கோதுமைமேல் சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் அந்நாட்டின் மேற்கே ரொட்டி அரிதாகிவிட்டது. ஜனங்கள் டியூலிப் கிழங்கைத் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தில் சீலியாக் குழந்தைகளுக்கு உடம்பு தேறியது. ரொட்டி திரும்பி வந்தது, நோயும் திரும்பி வந்தது. 1950இல் அதை ஆய்வேடாக எழுதி நிலைநாட்டினார். ஊரே பட்டினியில் சாகும்போது ஒரு சில பிள்ளைகள் மட்டும் தேறியதைக் கவனித்த கண் அது.

பிப்ரவரி 1

தம்பி குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தாயிற்று. அதில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. என்னைப் போன்றவர் குடலில் அது தங்கிவிடலாம். இங்கிலாந்தில் இதே குறையுள்ள ஒருவருக்கு 28 ஆண்டு தங்கியிருந்ததாகப் பதிவு இருக்கிறது. அதனால் குழந்தையின் துணி மாற்றுவதில்லை, கால் கழுவிவிடுவதில்லை, சில வாரம் தூக்குவதும் இல்லை. குழந்தைக்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வீடியோ காலில் பார்த்தேன். தவழப் பழகுகிறான்.

பிப்ரவரி 8

நாத்தனார் மகள் கல்யாணம் மாசியில், மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் விழுகிறது, நல்லதாயிற்று. சமையல் காண்ட்ராக்டரைப் பார்க்க நாத்தனார் என்னையும் அழைத்துப் போனாள். கும்பகோணத்துக்காரர், அறுபது தாண்டியவர். நான் ஆரம்பிக்கும் முன் அவளே ஆரம்பித்தாள்: அண்ணிக்குக் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆகாது, பெருங்காயத்தில்கூட.

அவர் நோட்டைத் திறந்தார். காலை டிபனுக்குக் கேசரி வேண்டாம் என்று அடித்தார். திருவையாற்று அசோகா போடலாமா, பாசிப்பருப்புத்தானே என்றாள் நாத்தனார். ‘அதுலயும் கோதுமை மாவு கொஞ்சம் சேர்ப்போம்மா’ என்று தலையாட்டிவிட்டு, அக்காரவடிசில் என்று எழுதினார். சேமியாப் பாயசத்தை அடித்துப் பருப்புப் பாயசம். பூரி பொரித்த எண்ணெயில் வடை போட மாட்டேன், வடைக்கு முதலில் தனிச் சட்டி என்றார்.

‘உங்களுக்கு ஆகுற பெருங்காயம் எது, காட்டுங்க’ என்றார். பையில் வைத்திருந்த அரிசி மாவு சேர்த்த டப்பாவைக் கொடுத்தேன். எனக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் ரசம் வைத்தால் போதும் என்றேன்.

‘தனியா வச்சா பந்தியில பையன் மாத்தி ஊத்திடுவான் டீச்சர். மொத்தச் சமையலுக்கும் இதையே போட்டுடறேன். அறுநூறு இலைக்கு கால் கிலோ வேணும். கட்டுச்சாதக் கூடைக்கும் சேர்த்துத்தானே?’