அம்மா குடுத்த கிட்னி

எங்கள் மாமா கிழமைக்கு மூன்று நாள் றொசல்ல ஸ்டேஷனில் கோச்சி ஏறுகிறார், டயாலிசிஸுக்கு. சோறு கட்டிக் குடுப்பது அம்மா. போன வருஷம் கிட்னி குடுத்ததும் அம்மாதான். "என் தம்பிதானே" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

புதுக் கிட்னியைப் பழைய இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில் வைத்து, காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியோடு தைப்பார்கள். இரத்தக் குழாய்களைத் தைக்க வழிகாட்டிய அலெக்சிஸ் கரெலுக்கு 1912இல் நோபல் பரிசே கிடைத்தது.

உடம்பு அந்தக் கிட்னியை எதிர்க்காமலிருக்க மாத்திரை போட வேண்டும். அதே மாத்திரை கிருமியை எதிர்க்கும் பலத்தையும் குறைத்துவிடும். இரண்டாம் மாதம் மாமாவுக்குக் காய்ச்சல். மழைக்காய்ச்சல் என்று நினைத்து இரண்டு நாள் பனடோலோடு இருந்துவிட்டோம். அது எங்கள் பிழை. கிட்னி மாற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தையல் போட்ட இடத்தில் கிருமி குடியேறி, நாடியின் சுவரை அரித்து, பலூன் மாதிரி வீங்க வைத்திருந்தது. வெடித்தால் உயிர் மிஞ்சுவது கஷ்டம். பழுதான பகுதியை வெட்டி, மாமாவின் தொடையிலிருந்தே நாளம் எடுத்துத் தைத்தார்கள். செயற்கைக் குழாய் வைத்தால் கிருமி அதிலும் ஒட்டிக்கொள்ளலாமாம். உயிரும் காலும் தப்பின. கிட்னியைக் காப்பாற்ற முடியவில்லை.

"நான் குடுத்தது வீணாப் போச்சா?" என்று அம்மா கேட்டபோது எங்களுக்கு வாய் வரவில்லை. மாமாதான் சொன்னார்:

"ரெண்டு மாசம் அளவு பாக்காம தண்ணி குடிச்சேன் அக்கா. அது போதும்."