பொறுமையின் எல்லை

சென்ற தவக்காலத்தில் ஒருநாள் காலைத் திருப்பலியில் வசீகரத்தின்போது முழந்தாளிட்டேன், எழ இயலவில்லை. இடது இடுப்பிலிருந்து பாதம்வரை நெருப்புக் கோடு ஒன்று இறங்கியது. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் உட்கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துவதை எம்.ஆர்.ஐ. படம் காட்டியது.

அறுவை என்ற சொல் பரவியதும், "சாமி இனி நடக்கமாட்டார்" என்று பங்கில் பேச்சு எழுந்துவிட்டது. தருமபுரிச் சீமையில் முதுகில் கத்தி வைப்பது என்றால் பாதி மரணம்! மருத்துவரோ பொறுமையாக விளக்கினார். பிதுங்கிய வட்டே கால்வலிக்குக் காரணம் என்பதையும், அதை அகற்றினால் வலி தீரும் என்பதையும் 1934-இல் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் எடுத்துரைத்தனர். அன்று எலும்பைப் பெருமளவு வெட்டினார்கள். 1970-களின் பிற்பகுதியிலிருந்து நுண்ணோக்கி வழியே சிறு கீறலில் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கிறார்கள். எண்டோஸ்கோப் முறையில் கீறல் இன்னும் சிறிது. எலும்புகளைத் திருகாணியிட்டு இணைப்பது வேறு சிகிச்சை. எலும்பு நிலைகுலைந்தோருக்கே பெரும்பாலும் அது தேவை.

ஆனால் எனக்கு அறுவை கட்டாயமா? 2007-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றை அவர் சொன்னார். ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் கால்வலியில் துன்புற்ற 283 பேரில் ஒரு பகுதியினருக்கு விரைவில் அறுவை. மற்றவர்களுக்கு மருந்தும் காத்திருப்பும். அறுவை செய்தவர்களின் வலி விரைவில் தணிந்தது. காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவைக்கே வந்தனர். எனினும் ஓராண்டு முடிவில் இரு சாராரிலும் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் நலமடைந்திருந்தனர். பிதுங்கிய துண்டை உடலே பலருக்குக் கரைத்துவிடுகிறதாம். நான் காத்திருக்கத் துணிந்தேன். (பொறுமையைப் பற்றி எத்தனை மறையுரை! இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன் என்பதே உண்மை.) பத்தாம் வாரத்தில் வலி தளர்ந்தது.

விடைபெறும்போது மருத்துவர் எச்சரித்தார்: "சிறுநீர் பிரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ உடனே வாருங்கள். அப்போது காத்திருப்பு கூடாது, மணிக்கணக்கு முக்கியம். பாதம் தொங்கினாலும் தாமதிக்காதீர்கள்."

எனக்கு உடல் சில்லிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன், பாலக்கோடு தக்காளிச் சந்தையில் சுமை தூக்கும் ஒருவர் என் அறைவாசலில் நின்று, "சாமி, இடுப்பு வலிக்குது. ரெண்டு நாளா நீரும் சரியாப் பிரியல" என்றார். "பொறுத்துக்கொள்ளப்பா, செபிக்கிறேன்" என்று அனுப்பினேன். என் சொல்லை நம்பி எண்ணெய் தேய்த்துக் காத்திருந்தார். தாமதமாக நடந்த அறுவையில் வலி போயிற்று. நீர்க்குழாய் மட்டும் இன்றுவரை போகவில்லை.

சென்ற ஞாயிறு, குழாய்ப் பையை வேட்டி மடிப்பில் மறைத்தபடி என்னை நலம் விசாரிக்க வந்தார். அவர் முதலில் கேட்டது இதுதான்: "சாமி, உங்களுக்கு நீர் நல்லாப் பிரியுதா?"