சூரியின் ரத்த ரிப்போர்ட்

அன்புள்ள முரளிக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 33, பிளேட்லெட் கொஞ்சம் குறைவு, சர்க்கரை 196. நம் நாய் சூரிக்கு ரத்தசோகையும் சர்க்கரை வியாதியும் சேர்ந்தே வந்துவிட்டதென்று அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாளாமே. முதலில் அவளைச் சமாதானப்படுத்து.

கடிக்க வருகிறான் என்று கால் எக்ஸ்ரேக்காக மயக்க ஊசி போட்டார்கள், அவன் சாய்ந்ததும் கையோடு ரத்தமும் எடுத்தார்கள் என்றாய் அல்லவா? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சீட்டில் அசிபுரோமசின், சைலசின் என்று இரண்டு மருந்து இருக்கிறது. இரண்டுமே ரத்தக் கணக்கைக் கலைத்துப் போடுகிறவை.

நாய்க்கு மண்ணீரல்தான் சிவப்பணுக் கிடங்கு. ஓடினாலோ பயந்தாலோ அது சுருங்கி அணுக்களை வெளியே தள்ளும். அசிபுரோமசின் அதைத் தளரவிடும். அணுக்கள் உள்ளே போய்த் தங்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் பி.சி.வி. 20 முதல் 30 சதவீதம் வரை இறங்கும். 45 இருந்தவன் 33க்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. உடம்பிலிருந்து ஒரு சொட்டுகூடப் போயிருக்காது. தயோபென்டோன் என்ற மயக்க மருந்தும் இப்படித்தான். அது கொடுத்த நாயின் வயிற்றைத் திறக்கும்போது பார்த்திருக்கிறேன்: மண்ணீரல் கருநீலமாகப் பருத்து, வெட்டின வாய்க்கே வந்து நிற்கும். பிளேட்லெட்டும் ஓரளவு அங்கேதான் தங்கும்.

சர்க்கரை ஏறியது சைலசின் வேலை. கணையத்தில் இன்சுலின் சுரப்பை அது தடுக்கிறது. நிஜமான சர்க்கரை நோய் என்றால் சூரி குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பான், தின்றும் இளைப்பான், மூத்திரத்திலும் சர்க்கரை இருக்கும். அப்படி ஒன்றும் நீ சொல்லவில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் ஃபிரக்டோசமைன் பார்க்கச் சொல்; அது கடந்த 2, 3 வாரத்துச் சராசரியைக் காட்டும், ஓர் ஊசிக்கெல்லாம் மாறாது. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, அதை நம்பலாம்.

அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலிலும் இதே இரண்டும்தான் குறையும், பிளேட்லெட்டும் பி.சி.வி.யும். டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதியது அந்தப் பயத்தில்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், ஈறும் ரோஸாக இருக்கிறது என்றால், மாத்திரையைத் தொடங்குமுன் அவரிடம் பேசு. இரண்டு நாள் கழித்து, ஊசி எதுவும் போடாமல் மறுபடி ரத்தம் எடுத்து ஸ்மியரும் பார்க்கலாமா என்று கேள்.

அன்று வாய்க்கட்டு போட்டு, நீயே தலையைப் பிடித்துக்கொள். சங்கிலியில் தரதரவென்று இழுத்துப் போகாதே. மிரண்டு போனால் மண்ணீரல் சுருங்கி பி.சி.வி. ஏறிவிடும், நிஜமான சோகைகூட மறைந்துவிடும். இனி எப்போது மயக்க ஊசி என்றாலும், முதலில் ரத்தம், பிறகு ஊசி என்று நீயே முந்திச் சொல்லிவிடு.

எக்ஸ்ரேயில் கால் எலும்பு எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? படத்தையும் அனுப்பு.

அன்புடன்,
அக்கா