ஓரத்தில் நின்றவர்

சென்ற ரமளானுக்கு முன், மர்ஹூம் வாப்பா கைப்பட எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளை இணையப் பக்கமாக அமைக்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. குறிப்பேட்டுக்குள் ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. ஊர் மதரஸாத் திண்ணையில் வாப்பா நடுவில் அமர்ந்திருக்க, நால்வர் நிற்கின்றனர். வலக்கோடியில் நிற்பவர் எங்கள் சாச்சா.

ஸ்கேன் செய்தபோது படம் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 பிக்ஸலாக வந்தது. எழுத்தின் பக்கவாட்டில் அடக்கமாக நிற்கட்டும் என்று அகலம் 300, உயரமும் 300 எனக் குறித்துவிட்டேன். உம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். "உங்க வாப்பா முகம் இப்படியா ஒடுங்கியிருந்துச்சு?" என்றார்கள். நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் உள்ள படத்தைச் சதுரத்துக்குள் திணித்தால் முகங்கள் நசுங்கத்தான் செய்யும். அகலத்தை மட்டும் குறித்து, உயரத்தை 'ஆட்டோ' என்று விட்டுவிட்டால் உலாவியே விகிதம் கெடாமல் கணக்கிட்டுக்கொள்ளும்.

அடுத்த முறையீடு துபாயிலிருந்து ராத்தாவுடையது: பக்கம் திறக்கிறது, படம் மட்டும் வரவில்லை. பக்கத்தில் அகலம் 300 என்று எழுதுவதால் கோப்பு இளைத்துவிடுவதில்லை. முழுப் படத்தையும் இறக்கிய பிறகே உலாவி அதைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. எனவே, மூலத்தைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு 800க்கு 600 அளவில் ஒரு பிரதி எடுத்தேன். பிக்ஸல்கள் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்தன. இன்றைய கைபேசித் திரைகள் நெருக்கமான புள்ளிகள் கொண்டவை. ஆகவே 300 அகலத்தில் காட்டும் படத்துக்கும் இவ்வளவு வேண்டும். மூலத்தின்மீதே கை வைப்பது மட்டும் கூடாது. சுருக்கிச் சேமித்ததைப் பின்னர் பெரிதாக்கினால் இழந்த நுணுக்கம் திரும்பாது.

இனி எழுத்தைச் சுற்றி ஓடவிட வேண்டும். படத்துக்கு 'ஃப்ளோட்' என்னும் பண்பை வலப்பக்கமாகக் கொடுத்தால் வரிகள் அதன் இடப்புறம் வழிந்தோடும். எழுத்து படத்தை உரசாதிருக்கச் சிறிது 'மார்ஜின்' வேண்டும். அடுத்த தலைப்பு மேலேறி வந்து படத்தின் அருகே ஒட்டிக்கொள்ளாதிருக்க, அதற்குக் 'கிளியர்' வேண்டும். கணினியில் அழகாகவே இருந்தது. ஆனால், கைபேசியின் அகலம் 360தான். படத்தை 200 ஆக்கியும், ஓர இடைவெளிகள் போக எழுத்துக்கு நூற்றுச் சொச்சமே எஞ்சியது. நம் தமிழோ 'எழுதிக்கொண்டிருந்தார்கள்' என்று நீளும் மொழி. வரிக்கொரு சொல்லாக நின்று, இடம் கொள்ளாத சொல் வந்ததும் மீதி யாவும் படத்துக்குக் கீழே இறங்கிவிட்டன.

அப்போதுதான் அந்தத் தவற்றைச் செய்தேன். படத்தை இருபுறமும் வெட்டி, வாப்பாவை மட்டும் ஒடுக்கமான பட்டையாக நிறுத்தினேன். எழுத்து தாராளமாக ஓடியது. எல்லோரும் மெச்சினார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சாச்சாவின் மகள் அழைத்தாள். "ரொம்ப நல்லா இருக்கு காக்கா" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தப் படத்துல எங்க வாப்பாவும் இருந்தாங்களே, பிள்ளைகளுக்குக் காட்டலாம்னு திறந்தேன்" என்றாள். சாச்சா இளவயதிலேயே மவுத்தானவர்; அவருக்கு வேறு படமே கிடையாது. இது எனக்குத் தெரியாத செய்தியன்று. வரி ஓடும் அழகில் மறந்திருந்தேன்.

மதரஸாவில் ஓதிய பழைய அரபுக் கிதாபுகள் சிலவற்றில் மூலம் நடுக்கட்டத்தில் இருக்கும். விளக்கவுரை ஓரங்களில் சாய்ந்தும் திரும்பியும் இடம் தேடிக்கொள்ளும். இடம் போதாதென்று எவரும் மூலத்தில் ஒரு சொல்லைக் குறைத்ததை நான் கண்டதில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் 'ஃப்ளோட்டை' நீக்கினேன். இப்போது படம் பக்கத்தின் முழு அகலத்திலும் தனித்து நிற்கிறது. 'மேக்ஸ்-விட்த்' நூறு சதவீதம் என்பதால் எந்தத் திரையையும் மீறாது. எழுத்து மேலும் கீழும் இருக்கிறது. கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதினேன். கடைசிப் பெயர் சாச்சாவுடையது. இடமிருந்து இரண்டாமவர் யாரென்று உம்மாவுக்கும் நினைவில்லை. அவருடைய இடத்தில் ஒரு சிறு கோடு இட்டு வைத்திருக்கிறேன். ஊரில் மூத்தவர்களிடம் விசாரித்து வருகிறேன்.