நான் பூட்டி வைத்த சைக்கிள்



காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சந்தைக்கு மரக்கறி ஏற்றி வரும் லொறி, காங்கேசன்துறை வீதி பஸ், மோட்டார் சைக்கிள்கள், ஆட்டோக்கள். இவற்றுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக, இரட்டைப் பின்னல் முதுகில் ஆட, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி அமைத்த ஊர் அது. படிக்கப் போகும் பெண்பிள்ளையை அந்த ஊர் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

சென்ற வருடம் அங்கே பழைய நண்பர் ஒருவரைக் காணப் போயிருந்தபோது, அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கண் கலங்கியது. காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்லுகிறேன். என்னைப் போன்ற ஒரு வாப்பாவாவது இதை வாசித்து மனம் மாறினால் போதும்.

1980களின் தொடக்கத்தில் நான் மருதனார்மடத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். வீடு யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். தட்டாதெரு, கொக்குவில், தாவடி, இணுவில் என்று காங்கேசன்துறை வீதியால் தினமும் சைக்கிள் ஓட்டம். இருபுறமும் செம்மண் தோட்டங்கள், புகையிலைக் கன்றுகள். முன்னாலும் பின்னாலும் மாணவர்கள். பள்ளி மணி அடிக்குமுன்பே அன்றைய பாடத்தில் பாதியைச் சைக்கிளிலேயே பேசி முடித்துவிடுவோம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. பெற்றோலும் மின்சாரமும் இல்லாமற் போயின. ஊர் முழுவதும் சைக்கிளில் ஏறியது. அந்த வருடம் அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கட்டளையிட்டார்கள். என் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வந்து விழுந்தோம்.

1994இல் என் மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் இருந்த இடத்துச் சிறிய பள்ளியில் மேல்வகுப்பு இல்லை. அடுத்த பள்ளி மூன்று மைல் தூரம். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. நான் படிப்பித்த பள்ளியோ எதிர்த்திசையில் இருந்தது. உறவினர் ஒருவர் இரக்கப்பட்டு, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மகள் இரண்டே நாளில் ஓடப் பழகிவிட்டாள்.

மூன்றாம் நாள் அந்தச் சைக்கிளைப் பூட்டித் திறப்பை என் சட்டைப் பைக்குள் போட்டேன். “குமர்ப்பிள்ளை றோட்டில சைக்கிள் ஓடினா ஊர் என்ன சொல்லும்?” என்று கேட்டேன். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்த நாட்களில் போனாள். வராத நாட்கள் கூடின. பாடம் விட்டுப்போனது, பிறகு பள்ளியும் விட்டுப்போனது. அந்த ஒரு வருடம் முழுவதும் ஊரார் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க நான் சைக்கிளில்தான் போய்வந்தேன்!

அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே கடலுக்கு அப்பால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொன்று நடந்திருந்தது. அறிவொளி இயக்கத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்கள் பழகினார்கள். ஆயிரக்கணக்கில் பழகினார்கள். முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். அங்கேயும் ஊர் பேசியது. பேசிப் பேசி ஓய்ந்தது. சைக்கிள் ஓய்வதாக இல்லை.

2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் தொகை 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த கிராமங்களிலேதான் பலன் அதிகம். இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மகளின் பள்ளியும் மூன்று மைல் அல்லவா?

மருதனார்மடத்து நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “மாஸ்டர், உங்களை அனுப்பி ஐஞ்சு வருசத்தில, அதே அக்டோபர் 30இல நாங்களும் வெளிக்கிட்டம். 95இல பிள்ளையைக் கரியரில வைச்சு, சட்டி பானையை ஹாண்டிலில கொழுவி, தென்மராட்சிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனம். திரும்பி வந்து பள்ளிக்கூடம் திறந்தாப் பிறகு பிள்ளையள் போனதும் அதே சைக்கிளிலதான்.” டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்ட கதையையும் சொன்னார்.

ஊர்ப் பேச்சுக்கு அஞ்சத் தேவையில்லை என்று இன்று துணிந்து சொல்வேன். ஆனால் விபத்துக்கு அஞ்சுவது நியாயம்தான். அதே சந்தியில் ஒன்றைக் கவனித்தேன். பள்ளி தொடங்கும் வேளையில் நெரிசலை உண்டாக்குபவர்களில் பெரும்பங்கு, பிள்ளையை மோட்டார் சைக்கிளிலும் வாகனத்திலும் ஏற்றிவந்து வாசலில் இறக்கும் பெற்றோரே. வீதி ஆபத்து என்று பயந்து ஏற்றி வருகிறோம். அப்படி ஏற்றி வருவதனாலேயே, நடந்து வரும் ஏழைப்பிள்ளைக்கு வீதி இன்னும் ஆபத்தாகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இன்று சைக்கிள் நாடு என்று புகழப்படும் நெதர்லாந்தில் 1970களில் வாகனங்களால் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடியதன் பிறகே அங்கு சைக்கிள் பாதைகள் பெருகின. அவ்வளவு பெரிய காரியம் நம்மால் உடனே முடியாது. ஆனாலும் சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

ஒரே ஒழுங்கையில் இருக்கும் ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து, முறைவைத்து ஒரு தாயோ தந்தையோ கூட நடந்து போகலாம். சைக்கிள் பிள்ளைகளைப் பிரதான வீதியில் விடாமல் உள்ளொழுங்கைகளால் கூட்டமாக அனுப்பலாம். சனிக்கிழமைகளில் பிரேக்கையும் சங்கிலியையும் பிள்ளையே பார்க்கப் பழக்கலாம். வாகனத்தில் வந்தே ஆகவேண்டியவர்கள் வாசலுக்கு இருநூறு யார் முன்னதாகப் பிள்ளையை இறக்கிவிடலாம். பள்ளி வாசற்படியின் ஓரத்தில் ஒரு சாய்தளம் கட்ட இரண்டு மூடை சீமெந்து போதும். போரில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் நம் மத்தியில்! சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் அது பள்ளிக்கூடம் அல்லவா?

2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமற் போனபோது, பேத்தி போய்வந்த வேனும் நின்றது. “ரோட்டுல பொம்புளப் புள்ள எப்புடி மாமா சைக்கிள்ல போறது?” என்று மருமகன் தயங்கினார். நான் முப்பது வருடத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி! நான் பதில் சொல்லவில்லை. அப்போது விலை ஏறிக்கிடந்தது. இருந்தும் ஒரு சைக்கிள் வாங்கி வந்தேன். முதல் ஒரு வாரம் என் பழைய சைக்கிளில் பேத்திக்குப் பின்னாலேயே போனேன். எட்டாம் நாள், “நீங்க வரத் தேவல்ல” என்று சொல்லிவிட்டுச் சிநேகிதிகளோடு போய்விட்டாள்.

அன்று வாசலில் நின்ற மகள், பிள்ளை திருப்பத்தில் மறையும் வரை பார்த்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பழைய சைக்கிளுட திறப்ப என்ன செஞ்சீங்க வாப்பா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் என்ன சொல்ல?

அன்புப் பெற்றோரே, உங்கள் சட்டைப் பையிலும் அப்படி ஒரு திறப்பு இருக்கிறதா? இருந்தால், இன்றைக்கே பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள்.