60 ஹேர்ட்ஸ் இரைச்சல்

வட இலங்கையின் வன்னியில் நைட் கிளப் கிடையாது. எங்களுக்குக் கல்யாண மண்டபந்தான் கிளப். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எங்கே வரவேற்பு விருந்து நடந்தாலும் மேடைக்குப் பக்கத்தில் 18 இஞ்சி பேஸ் பெட்டிகள், அவற்றின் மேல் டொப் பெட்டிகள், லைட், புகை, லப்டொப்போடு ஒரு டிஜே. என் தம்பி அந்த வேலைதான் செய்கிறான். அவனுக்குப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு.

சாப்பாடு முடிந்த கையோடு பெரியவர் ஒருவர் வந்து, “தம்பி, சுராங்கனி ஒண்டு போடப்பு” என்று கேட்காத விருந்து குறைவு. ஏ. ஈ. மனோகரன் பாடிய பொப் பாட்டு. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையிலும் வந்தது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவருடைய குரலைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் எங்களிடம் இருந்த கோப்பு அவர்களை ஆட விடவில்லை. புதுப் படப் பாட்டொன்று முடிந்து இது தொடங்கினால், ஆள் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். தம்பி மிக்சரில் ட்ரெபிளைக் கூட்டுவான். தாளம் தெளியாது, சளசளவென்ற சத்தந்தான் கூடும். வொலியூமை ஏற்றினால் சிவப்பு லைட் எரியும். சிவப்பிலேயே ஓடவிட்டால் சிக்னலின் தலை வெட்டுப்பட்டு, டொப் பெட்டியின் டிரைவர் கருகிப்போகும்.

அந்தக் கோப்பின் பெயரில் 320 என்று இருந்தது. எம்பி3யில் அதுதான் ஆகக்கூடிய தரம். பிறகேன் இப்படி? இந்தக் கோப்பு எங்கே பிறந்தது என்று தேட வெளிக்கிட்டது அந்தக் கேள்வியால்தான்.

ஸ்பெக் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. பாட்டை அதற்குள் போட்டால் ஒலியைப் படமாகக் காட்டும். அடியில் பேஸ், மேலே கூரிய ஓசைகள். ஒலி உள்ள இடம் நிறமாக, இல்லாத இடம் கறுப்பாக. உண்மையான 320 கிலோபிட் கோப்பென்றால் நிறம் 20 கிலோஹேர்ட்ஸ் வரை ஏறும். எங்களுடையது 16இல் நேர்கோடாக வெட்டுப்பட்டு நின்றது. 128இல் ஒருமுறை சுருக்கிய பாட்டின் அடையாளம் அது. யாரோ பிறகு அதை 320 ஆக மாற்றியிருக்கிறார்கள். 4 நிமிடப் பாட்டு 128இல் ஏறத்தாழ 3.8 மெகாபைட், 320இல் 9.6. பருமன் கூடும், போன ஓசை திரும்பி வராது. யூரியூப்பிலிருந்து பாட்டு இறக்கித் தரும் தளங்கள் பலவும் இதைத்தான் செய்கின்றன. அங்கே ஒலி கிடப்பது பெரும்பாலும் 128 கிலோபிட் அளவில். அதை ஊதிப் பெருப்பித்து 320 என்று பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள்.

சுருக்குவது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். 1982இல் சீடி விற்பனைக்கு வந்தபோது, ஒரு விநாடி இசையை இடது, வலது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 தடவை, 16 பிட்டில் அளந்து வைத்தார்கள். அது விநாடிக்கு 1,411 கிலோபிட். ஜேர்மனியின் எர்லாங்கனில் உள்ள பிரவுண்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கும் கூட்டாளிகளும், பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் ஒலிக்கும் சின்னச் சத்தத்தைக் காது கவனிக்காது என்பதைக் கணக்காக்கி, அப்படியானவற்றைக் கழித்தார்கள். சுசான் வேகா தனிக்குரலில் பாடிய ‘டொம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். எம்பி3 என்ற பெயரை 1995 ஜூலை 14இல் முடிவு செய்தார்கள். 128இல் சுருக்கினால் சீடியில் 11இல் ஒரு பங்கு இடத்தில் ஒரு பாட்டு! தொலைபேசிக் கம்பியில் இணையம் ஓடிய காலத்தில் அது பெரிய கொடை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் கழித்தல் ஒருமுறைக்குப் போட்ட கணக்கு. சுருக்கியதை மறுபடி சுருக்கினால், முதல் தடவை விழுந்த பிசகையும் இசை என்று எண்ணிக் காப்பாற்றி, மிச்ச இசையில் இன்னொரு பங்கை எறிந்துவிடும். ஆகவும் அடிபடுவது தாளத்தின் முதல் அடி. எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்குப் பார்க்கிறது. திடீரென்று விழும் அடி ஒரு துண்டின் நடுவில் வந்தால், அதன் பிசிறு அடிக்கு முன்னாலேயே பரவிவிடும். அடி மழுங்கும். ஆட்டப் பாட்டில் அடி மழுங்கினால் பிறகென்ன இருக்கிறது? இதற்கு மேல் டிஜே மென்பொருள் சுருதியை மாற்றாமல் வேகத்தைக் கூட்டும்போது, மழுங்கியதையே மறுபடி வெட்டி ஒட்டுகிறது.

முன்பு இது எங்களுக்குத் தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கும் மரத்தில் கட்டும் லவுட்ஸ்பீக்கர் குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோகச் செய்தது. ஆழமான பேஸும் அதில் வராது, நுணுக்கமான மேல் ஓசையும் வராது. போன் ஸ்பீக்கரும் அப்படித்தான். அவற்றில் 128உம் ஒன்றுதான், சீடியும் ஒன்றுதான். பெரிய பெட்டிகள் மண்டபத்துக்குள் வந்த பிறகுதான் கோப்பின் குறை வெளியே வந்தது.

சரி, நல்ல பிரதியை எடுத்துப் போட வேண்டியதுதானே என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். இங்கே எங்கே இருக்கிறது? 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்தபோது கசற்றும் சீடியும் திரும்ப வந்து சேர்ந்தன. இறுதிப் போரில், 2008 கடைசியிலும் 2009இலும் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓட ஓட, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போனோம். பிள்ளையைத் தூக்குவதா, கசற் பெட்டியைத் தூக்குவதா? அப்படி ஓடியவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதிலிருந்து மீண்டு வந்தவர்களிடம் இசைத்தட்டும் இல்லை, கசற்றும் இல்லை. பாட்டு ஊருக்குத் திரும்பியது போனிலும் மெமரி சிப்பிலுந்தான். பிரதியின் பிரதியின் பிரதி. மற்ற ஊர்களில் அப்படியான கோப்பு மூலத்தின் நிழலாக இருந்திருக்கும். எங்களுக்கு அதுவே மூலமாகிவிட்டது. இந்தத் தேடலை நான் விடாமல் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

தம்பிக்குக் கோப்பைக் கொடுத்தவர் வவுனியாவில் ஒரு டிஜே. அவருக்கு அது போன் கடை ஒன்றில் சிப்பில் ஏற்றிக் கொடுத்தது. கடைக்காரரிடம் இருந்த கோப்பின் பெயரில் 128 என்று உண்மையாகவே இருந்தது. பொய்ப் பெயர் அதற்குப் பிறகுதான் ஏறியிருக்கிறது. “உது வெளிநாட்டில இருந்து ஆரோ கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கில கிடந்தது. எந்த நாடெண்டு ஞாபகமில்லை அண்ணை” என்றார் அவர்.

நாட்டைச் சொன்னது கோப்புத்தான். பாட்டுத் தொடங்குமுன் உள்ள அந்தச் சிறு மௌனத்தை ஓடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் வெட்டியெடுத்து, சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். அதிர்வெண் படத்தில் பார்த்தால் 60 ஹேர்ட்ஸில் ஒரு கோடு, அதன் மடங்கான 120இல் இன்னொன்று. வீட்டு மின்சாரம் கருவிக்குள் கசிந்தால் இப்படித்தான் பதியும். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இந்தியா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா எல்லாம் 50. எங்களுடைய ஆட்கள் போய்ச் சேர்ந்த நாடுகளில் 60 என்றால் கனடா, அமெரிக்கா, சவூதி.

அதோடு விடவில்லை. 51.5க்குக் கிட்ட மெல்லிய கோடு இன்னொன்று லேசாக ஆடிக்கொண்டு நின்றது. அது 50 ஹேர்ட்ஸ் நாட்டில் கசற்றுக்குள் பதிந்த இரைச்சலாக இருக்க வேண்டும். பிறகு 3 வீதம் வேகமாக ஓடும் ரேப் றெக்கோடரில் போட்டதால் 51.5க்கு ஏறியிருக்கும். அப்படியென்றால் பாட்டும் அரைச் சுரத்தில் பாதியளவு ஏறியிருக்கும். அடுத்த பாட்டோடு இதைச் சுருதி சேர்க்கத் தம்பி ஏன் திணறினான் என்பது அப்போது விளங்கியது. ஆனால் ஜெனரேற்றரில் பதிந்திருந்தாலும் 51.5 வரலாம், அந்த இரைச்சலை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

கனடா என்றதும் கடைக்காரருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்த குடும்பத்தைப் பிடித்து, அவர்கள் வழியாக ரொறன்ரோவில் இருக்கும் அவர்களுடைய பெரியப்பாவோடு கதைத்தேன். “உந்தக் கசற் இப்பவும் என்னட்டைக் கிடக்கு தம்பி. யாழ்ப்பாணத்தில றெக்கோடிங் பாரில குடுத்துப் பதிஞ்சது. எம்பத்தாறில வெளிக்கிடேக்கை உடுப்புக்கு நடுவில வைச்சுக் கொண்டு வந்தனான்” என்றார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஊரில் தங்கியிருந்தால் அதுவும் வீதியோரத்தில் போயிருக்கும்.

அவர் பொறுமைசாலி. நான் கேட்டபடி எல்லாம் செய்தார். வேறொரு நல்ல டெக் இரவல் வாங்கினார். அதன் ஹெட்டை அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்தார். லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பற்றரியில் ஓடவிட்டுப் பதிந்தார். அந்தச் சுவர் மின்சாரந்தான் 60ஐக் கொண்டுவந்தது. சுருக்காமல் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுத்து, கூகிள் ட்ரைவில் ஏற்றினார். புதுக் கோப்பில் 60 இல்லை. மெல்லிய கோடு சரியாக 50இல் நின்றது. வேகமாக ஓடியது அவருடைய பழைய டெக்தான். அதோடு, சீராகத் திரும்பத் திரும்ப வரும் ஊசிச் சொடுக்கும் கேட்டது. றெக்கோடிங் பாரில் இசைத்தட்டிலிருந்து பதிந்திருக்கிறார்கள்.

கசற் கசற்தான். நாடா இரைகிறது, 12 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஓசை மெலிந்துபோகிறது. படத்தில் பார்த்தால் பழைய கோப்பைவிட உயரமாகக்கூட இல்லை. ஆனால் அடி அடியாக விழுகிறது. புதுக்குடியிருப்பில் ஒரு விருந்தில் தம்பி அதைப் போட்டான். ட்ரெபிள் குமிழில் அவன் கை வைக்கவில்லை. பின்வரிசையில் இருந்த பெரியவர்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்கள்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் உறவுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அலுமாரியில் கிடக்கும் கசற்றையும் இசைத்தட்டையும் எறிந்துவிடாதீர்கள். கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம், ஊர்க் கூத்து, வானொலியில் பிடித்த பாட்டு எதுவாகவும் இருக்கட்டும். வேவ் கோப்பாகவோ தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாகவோ எடுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது மறுபடி சுருக்கும். இன்ன இடத்தில், இன்ன ஆண்டில் பதிந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலக நிறுவனத்திடம் ஒரு பிரதி கொடுங்கள்; ஆவணகம் என்ற பெயரில் அவர்கள் ஒலியையும் சேர்க்கிறார்கள்.

இங்கே பாட்டுப் போடுகிற தம்பிமாருக்கும் சொல்கிறேன். சீடி தரத்து வேவில் 4 நிமிடப் பாட்டு 42 மெகாபைட்தான். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் அப்படி 23,000 பாட்டுக்கு மேல் கொள்ளும். பெயரில் உள்ள எண்ணை நம்பாமல், கோப்பை ஒருமுறை ஸ்பெக்கில் போட்டுப் பார்த்துவிட்டு மண்டபத்துக்குக் கொண்டு போங்கள்.